பள்ளிக் கணினி விதிகளைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

கணினி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். "தேவையற்ற இணையதளங்களைப் பார்க்கக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே தலைமையாசிரியர் கையெழுத்து. இதைப் படிக்கிற 12 வயதுப் பிள்ளைக்கு எது தேவையற்றது என்று எப்படித் தெரியும்? தெரியாமல் ஒரு லிங்க்கை அழுத்திவிட்டால் அதுவும் குற்றமா? அந்தத் தாளில் இருந்து பிள்ளை புரிந்துகொள்வது ஒன்றுதான், ஏதாவது ஆகிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்பது. உங்கள் பள்ளிக்கு விதிகள் எழுத உட்கார்ந்தால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அதனால் முதல் விதியை இப்படி எழுதுங்கள்: "திரையில் உனக்குச் சங்கடமான, பயமான எது வந்தாலும் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு ஆசிரியரைக் கூப்பிடு. சொன்னதற்காக உன்னை யாரும் திட்ட மாட்டோம்." கணினியை அணைக்கச் சொல்லாமல் மானிட்டரை மட்டும் அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் கண்ணில் படாது, அதே சமயம் அந்தப் பக்கத்தின் முகவரி அப்படியே இருக்கும், ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொண்டு அதைத் தடுக்கச் சொல்லலாம். பதறிப்போய் எல்லாவற்றையும் மூடிவிட்டால் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த ஒரு விதியை ஆசிரியர்கள் மனதார ஏற்று நடந்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

வேண்டாத தளங்களைத் தடுக்கும் ஃபில்டர் போட்டிருக்கிறோமே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பெரும்பாலான ஃபில்டர்கள் தளத்தின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் தடுக்கின்றன. முகவரி https என்று தொடங்கும் பாதுகாப்பான இணைப்பில் போகும்போது எந்தத் தளம் என்பது ஃபில்டருக்குப் பொதுவாகத் தெரியும், அதற்குள் எந்தப் பக்கம், என்ன தட்டினார்கள் என்பது தெரியாது. அதைப் பார்க்கப் பள்ளிக் கணினிகளில் தனியாக ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், மார்பகப் புற்றுநோய் பற்றி உயிரியல் பாடத்துக்குத் தேடினால் அதையும் சில ஃபில்டர்கள் தடுத்துவிடும். ஆகவே தடுக்கப்பட்ட நல்ல தளத்தைத் திறந்துவிட யாரிடம் கேட்பது என்பதையும் விதியில் எழுதுங்கள். கேட்க வழி இல்லாதபோதுதான் பிள்ளைகள் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலிகளைத் தேடிப் போகிறார்கள்.

கண்காணிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்: எது பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள். பிரவுசரில் இருக்கும் தனிப்பட்ட முறையான இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்று பெரியவர்களே நம்புகிறார்கள். அந்தக் கணினியில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான். பள்ளியின் நெட்வொர்க்குக்கும் போகிற தளத்துக்கும் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்ட். ஒரே கணினியில் ஒரு பிள்ளை எழுந்ததும் இன்னொரு பிள்ளை உட்காரும். முந்தையவர் வேலை முடிந்த அவசரத்தில் பிரவுசரை மூடிவிட்டுப் போயிருப்பார், ஆனால் மூடுவதும் லாக் அவுட் செய்வதும் ஒன்றில்லை. அடுத்தவர் திறந்தால் முந்தையவரின் மெயில் பெட்டி அப்படியே விரிந்து நிற்கும். போதாக்குறைக்கு பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டபோது சரி என்று அழுத்தியிருந்தால், நன்றாக லாக் அவுட் செய்தும் பயனில்லை. "பொதுக் கணினியில் பாஸ்வேர்டைச் சேமிக்காதே. லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திரு. நடுவில் எழுந்தால் விண்டோஸ் பட்டனையும் எல் (L) எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டு." இப்படிக் கை செய்ய வேண்டிய வேலையாக எழுதினால் பிள்ளைகள் செய்வார்கள்.

இதில் பள்ளியின் பங்கும் இருக்கிறது. எல்லோருக்கும் பிறந்த தேதியையோ வரிசை எண்ணையோ பாஸ்வேர்டாகக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் கணக்கில் நுழையாதே என்று சொல்வதில் என்ன நியாயம்? சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைக் கோத்த நீளமான பாஸ்வேர்ட் போதும். மாதாமாதம் மாற்றச் சொல்லவும் வேண்டாம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிவிட்டது. யாருக்காவது தெரிந்துவிட்டது என்றால் உடனே மாற்றினால் சரி.

வயது விஷயத்தில் ஆசிரியர்களே சறுக்குகிறார்கள். நிறையச் சேவைகள் 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பதற்குப் பின்னால் 1998-இல் அமெரிக்கா கொண்டுவந்த குழந்தைகள் தனியுரிமைச் சட்டம் இருக்கிறது. வகுப்பு வேலைக்காக, பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள் என்று ஆசிரியரே சொன்னால், அப்புறம் மற்ற விதிகளை எந்த முகத்தோடு சொல்வது? கணக்கு தேவைப்படாத ஒன்றைத் தேடுங்கள், அல்லது பள்ளி வழியாக, பெற்றோர் சம்மதத்தோடு திறங்கள்.

அடுத்தவரைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும், எடுத்ததை வெளியே போடும் முன் மறுபடி கேட்க வேண்டும். ஃபோனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம் என்பதை ஒருமுறை திறந்து காட்டிவிடுங்கள், அதற்குமேல் விளக்கமே தேவைப்படாது.

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி மொத்தமாகத் தடை என்று எழுதினால் நிற்காது. ஒவ்வொரு வேலைக்கும் ஆசிரியர் சொல்லட்டும்: இதற்குப் பயன்படுத்தலாம், இதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எங்கே என்று எழுது. ஆனால் பெயர், முகவரி, நண்பர்களைப் பற்றிய விவரம், படம் எதையும் அதில் போடக் கூடாது என்பது எப்போதும் பொருந்தும். மதிப்பெண் பட்டியலை அதில் ஒட்டி அறிக்கை எழுதச் சொல்லும் ஆசிரியருக்கும் சேர்த்துத்தான்.

தண்டனையை எழுதும்போது தெரியாமல் செய்ததையும், விளையாட்டுக்குச் செய்ததையும், ஒருவரை நோகடிக்க வேண்டும் என்றே செய்ததையும் தனித்தனியாகப் பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் கணினி அறைக்கு வராதே என்பதே பதில் என்றால் பிள்ளையின் பாடம்தான் போகும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். கேலிப் படம் போட்ட பிள்ளை அதை நீக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரிடம் பேச வேண்டும், கொஞ்ச நாள் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று எழுதலாம்.

எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். அச்சடிக்கும் முன் மூன்று நான்கு மாணவர்களிடம் கொடுத்து அவர்கள் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள், எங்கே தடுமாறுகிறார்களோ அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும்போது கூட்டத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எல்லோருக்கும் படிக்க வரும் என்று நினைத்துவிட வேண்டாம். கீழே தேதியும், சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது என்பதும் இருக்கட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அதே தாளை எடுத்து, இடையில் வந்த புதிய செயலிகளையும் கருவிகளையும் பார்த்துத் திருத்துங்கள்.