பழைய வொக்ஸ்வாகன் கொம்பி வானுக்கு வாங்கும் எஞ்சின்

திருகோணமலை உப்புக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த, காற்றால் குளிரும் 1600 சி.சி. எஞ்சினை வாங்குமுன் கிராங்க் புல்லியை (கிராங்க் தண்டின் நுனிச் சில்லை) பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். 'டக்' என்று கேட்டால் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வையுங்கள். ஆட்டம் 0.15 மில்லிமீற்றரைத் தாண்டினால் எஞ்சின் கேஸைப் பிரித்தே ஆகவேண்டும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

எஞ்சின் சுற்றாமல் இறுகியிருந்தால் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு மேசைக்கரண்டி டீசல் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஸ்பானரால் மெல்லச் சுற்றுங்கள். பலவந்தப்படுத்தினால் ரிங் உடையும். டீசல் கீழே ஒயிலுக்குள் இறங்கியிருக்கும், பழைய ஒயிலை வடித்து, ஒயில் வடிகட்டும் வலையைக் கழுவிப் புதிதாக 2.5 லீற்றர் ஊற்றுங்கள். வால்வு இடைவெளி 0.15 மி.மீ., எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது.

சிலிண்டர் செதில்களுக்கிடையில் குளவிக்கூடு இருக்கும், கம்பியால் குத்தி எடுங்கள். தகரக் கவசங்களும் எஞ்சினைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரப்பரும் இல்லாமல் ஓட்டவே கூடாது: கீழேயுள்ள சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப உறிஞ்சும்.