ஏ பிளஸ் வாங்கிக் கடையை மூடிய கதையும் வேறு சில எச்டிடிபிஎஸ் தவறுகளும்

போன வாரம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி தன் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) கான்ஃபிக்கைக் காட்டினார். "அண்ணா, எஸ்எஸ்எல் லேப்ஸ்ல ஏ பிளஸ் வாங்கியாச்சு!" முகமெல்லாம் சிரிப்பு. ஒரு தளத்தின் எச்டிடிபிஎஸ் அமைப்பைச் சோதித்துத் தரம் போடும் சேவை அது. ஃபைலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் இருந்தது அந்த எச்எஸ்டிஎஸ் வரி (என்னவென்று கீழே சொல்கிறேன்). சில வருடங்களுக்கு முன் நானும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய அதே வரி, அதே எண்: 63072000.

443 போர்ட்டைத் திறக்க மறப்பது, டொமைன் பெயரில் எழுத்துப் பிழை போன்றவை பத்து நிமிடத்தில் தாமே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எல்லாம் ஓடுவது போலவே இருந்து பிறகு காலை வாருபவை மட்டும் இங்கே.

ரீடைரக்ட் ஆகும் பெயருக்குச் சான்றிதழ் எதற்கு?

ஒரு தளத்துக்கு மூன்று பெயர் இருக்கும்: முன்னால் மூன்று டபிள்யூ போட்டது, போடாதது, எப்போதோ வாங்கிய பழைய பெயர். "பழசுதான் 301-இல் புதுசுக்குப் போய்விடுமே, அதற்கு ஏன் சான்றிதழ்?" என்று கேட்பார்கள். 301 என்பது 'முகவரி மாறிவிட்டது, அங்கே போ' என்று சர்வர் சொல்லும் எச்டிடிபி பதில். டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (சான்றிதழைச் சரிபார்த்துப் பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் படி) முடிந்த பிறகுதான் அது வாயைத் திறக்கவே முடியும். பயனர் தட்டிய பெயர் சான்றிதழில் இல்லையென்றால் பிரவுசர் எச்சரிக்கைப் பக்கத்தைப் போட்டு நின்றுவிடும். உங்கள் ரீடைரக்ட் அதன் கண்ணில் படாது. டிஎன்எஸ்-இல் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) போட்டாலும் இது மாறாது. சிநேம் ஐபியைக் கண்டுபிடிக்கத்தான். சரிபார்ப்பது தட்டிய பெயரையே.

ஆகவே 'சர்வர் நேம்' வரியில் (அப்பாச்சி என்றால் 'சர்வர் அலியாஸ்' வரியிலும்) எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் சான்றிதழின் எஸ்ஏஎன் பட்டியலில் (அது எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியல்) இருக்க வேண்டும். சான்றிதழின் 'காமன் நேம்' என்ற பழைய இடத்தில் போட்டால் போதாது. குரோம் 58ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், அதைப் பார்ப்பதே இல்லை.

வைல்டுகார்டு

வைல்டுகார்டு சான்றிதழில் டொமைனுக்கு முன்னால் வரும் நட்சத்திரம் ஒரு படி சப்டொமைனுக்குத்தான். முன்னால் ஒன்றும் இல்லாத வெறும் டொமைனைத் தனியாகச் சேருங்கள்.

எச்எஸ்டிஎஸ் வரியை முழுசாக ஒட்டுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எச்எஸ்டிஎஸ் 2012-இல் ஆர்எஃப்சி 6797 ஆக வந்தது. "இனி இத்தனை விநாடிக்கு என்னிடம் எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் வா" என்று சர்வர் ஒரு ஹெடரில் சொல்லும். பிரவுசர் குறித்து வைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். வம்பு, கூடவே வரும் 'இன்க்ளூட் சப்டொமைன்ஸ்' (சப்டொமைன்களுக்கும் இதே உத்தரவு) என்ற சொல்லில் இருக்கிறது.

ஒரு ஜவுளிக் கடைக்குத் தளம் அமைத்தேன். ஹெடரைப் போட்டேன், ஏ பிளஸ் வந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை கடையிலிருந்து போன்: "தம்பி, பில் போட முடியலை." அவர்களுடைய பில்லிங் மென்பொருள் கடைக்குள் ஒரு பழைய கணினியில், அதே டொமைனின் சப்டொமைன் ஒன்றில், 8080 போர்ட்டில், வெறும் எச்டிடிபியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எச்எஸ்டிஎஸ் போர்ட்டைப் பார்க்காது, பெயரைத்தான் பார்க்கும். பிரவுசர் 8080-ஐ அப்படியே வைத்துக்கொண்டு எச்டிடிபிஎஸ்-இல் போய்த் தட்டியது. அந்தப் பக்கம் இருந்ததற்கு டிஎல்எஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

குழப்பியது என்னவென்றால், மூன்று கணினிகளில் இரண்டில்தான் பிரச்சினை. கல்லாவில் இருந்த மூன்றாவது நன்றாக வேலை செய்தது. என் லேப்டாப்பில் கர்ல் (கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) போட்டாலும் பதில் வந்தது. சரி, நெட்வொர்க்தான் என்று முடிவு கட்டி ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன். மதியம் வரை கடையில் கையால் பில் எழுதினார்கள். அப்புறம்தான் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்க்கத் தோன்றியது. முதல் வரியிலேயே '307 இன்டர்னல் ரீடைரக்ட்'. பிரவுசர் யாரையும் கேட்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ரீடைரக்ட் அது. கல்லாக் கணினியில் கடையின் தளத்தை யாரும் திறந்ததே இல்லை, அதனால் அதற்கு இந்த உத்தரவு போகவில்லை. கர்ல், நாமாகச் சொன்னால் ஒழிய எச்எஸ்டிஎஸ்-ஐ நினைவில் வைக்காது.

கண்டுபிடித்ததும் அடுத்த தவறைச் செய்தேன்: அந்த வரியை அழித்துவிட்டு ரீலோட் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. 63072000 விநாடி என்பது 730 நாள். வரியை அழித்தால் புதிதாக யாருக்கும் போகாது, அவ்வளவுதான். வாங்கியவர்களிடம் அது இருக்கும். மேக்ஸ் ஏஜ் (அந்த விநாடி எண்) பூஜ்யம் என்று மாற்றி எச்டிடிபிஎஸ்-இல் அனுப்ப வேண்டும், அதைப் பெற அவர்களும் பிரதானத் தளத்துக்கு மறுபடி வர வேண்டும். கடையின் இரண்டு கணினிகளிலும் குரோமின் நெட் இன்டர்னல்ஸ் பக்கத்துக்குப் போய் டொமைனை நீக்கினேன். முதலாளியின் வீட்டுக் கணினி, ஆடிட்டரின் லேப்டாப் என்று இரண்டு வாரம் போனிலேயே வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சப்டொமைனில் சான்றிதழ் தவறாக இருந்து இந்த ஹெடரும் இருந்தால், 'பரவாயில்லை, உள்ளே போ' என்ற வழியும் பயனருக்குக் கிடைக்காது. மூன்றாவதாக 'ப்ரீலோட்' என்றும் போட்டு, டொமைனை பிரவுசர்களின் ப்ரீலோட் பட்டியலுக்கு அனுப்பிவிட்டால் அது பிரவுசருக்குள்ளேயே பதிந்து வரும்; திரும்பப் பெற மாதக் கணக்காகும்.

இப்போதெல்லாம் முதலில் டிஎன்எஸ் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறேன். அதில் இல்லாத உள் பெயர்களும் இருக்கலாம் என்பதால் கடையில் உட்கார்ந்து பில் போடுபவரிடமும் கேட்கிறேன். பிறகு 300 விநாடி. பிரச்சினை இல்லையென்றால் ஒரு வாரம், அதாவது 604800. அப்புறம் ஒரு மாதம். 'இன்க்ளூட் சப்டொமைன்ஸ்' எல்லாவற்றுக்கும் கடைசியில். தம்பியின் தளம் இன்றைக்கு 300-இல் நிற்கிறது. ஏ பிளஸ் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சங்கிலியை விடுவது

சர்வருக்குக் கொடுக்க வேண்டியது உங்கள் சான்றிதழ் மட்டும் உள்ள 'செர்ட்' அல்ல, இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த 'ஃபுல்செயின்' ஃபைல். உங்கள் குரோமில் திறக்கிறது என்பது சாட்சி ஆகாது.

பொருந்தாத பெயர் எங்கே போகிறது

ஒரு வாடிக்கையாளரின் புதுப் பெயரைத் திறந்தால் இன்னொருவரின் தளம் வந்து நின்றது. பெயர் எதுவும் பொருந்தாதபோது, 'டிஃபால்ட் சர்வர்' என்று எதையும் குறிக்காவிட்டால், என்ஜின்எக்ஸ் அந்த போர்ட்டின் முதல் சர்வர் பிளாக்கை (ஒரு தளத்துக்கான கான்ஃபிக் பகுதி) எடுத்துக்கொள்ளும். அப்பாச்சியும் முதல் விர்ச்சுவல் ஹோஸ்டையே எடுக்கும். ஃபைல்கள் அகர வரிசையில் ஏறுவதால் எது முதல் என்பது ஃபைல் பெயரைப் பொறுத்த அதிர்ஷ்டம். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பிளாக்கை நீங்களே டிஃபால்ட்டாக வையுங்கள். என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் 'எஸ்எஸ்எல் ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக்' இருக்கிறது; பொருந்தாத பெயரின் ஹேண்ட்ஷேக்கை மறுத்துவிடும். போலிச் சான்றிதழ்கூட வேண்டாம்.

புதுப்பித்ததோடு நிறுத்துவது

புதுச் சான்றிதழ் டிஸ்க்கில் இருக்கும், ரீலோட் செய்யும்வரை என்ஜின்எக்ஸ் பழையதையே நீட்டும். புதுப்பித்ததும் தானாக ஓடும் டிப்ளாய் ஹுக்கில் ரீலோட் போடுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நினைவூட்டல் மெயில்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

தமிழ் டொமைன்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் பெயர்களை 'சர்வர் நேம்' வரியில் பியூனிகோடில் (ஆங்கில எழுத்துகளில் மாற்றி எழுதும் வடிவம்) எழுதுங்கள். பிரவுசர் அனுப்புவது அதைத்தான்.