குர்து செய்திகளை எப்படி எடைபோடுவது? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துருக்கி, இராக், சிரியா, ஈரான் என நான்கு நாடுகளில் பரவி வாழும் குர்து மக்கள் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். ஒரே சம்பவத்தை நான்கு தளங்கள் நான்கு விதமாகச் சொல்லும். "எல்லாம் கட்சி ஊடகம், எதையும் நம்ப முடியாது" என்று பலரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. சார்பு வேறு, பொய் வேறு. ஒரு தளம் எந்த விஷயத்தில் நம்பத்தக்கது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும்.

படி 1: பின்னால் இருப்பது யார் என்று பாருங்கள்

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். இராக்கில் குர்துகள் தன்னாட்சி நடத்தும் குர்திஸ்தான் பிராந்தியத்தில் எர்பில், தோஹுக் பக்கம் பார்சானி குடும்பத்தின் கேடிபி (குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி) கட்சிக்குச் செல்வாக்கு. சுலைமானியா பக்கம் தலபானி குடும்பத்தின் பியுகே (குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம்) கட்சிக்கு. 1994 முதல் 1998 வரை தங்களுக்குள் போரே நடத்திய கட்சிகள் இவை. ஊடகமும் அதே கோட்டில்தான் பிரிந்து கிடக்கிறது. ஆளுக்கொரு கட்சி சேனல் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை.

குர்த்சாட் சேனல், பியுகே பக்கம். ரூடாவ், குர்திஸ்தான் 24 ஆகிய சேனல்கள் கேடிபி பக்கம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ரூடாவ், பிராந்தியத்தின் அதிபர் நெச்சிர்வான் பார்சானிக்கு நெருக்கமானதாகக் கருதப்படுகிறது. குர்திஸ்தான் 24, அவருடைய சித்தப்பா மகனும் பிரதமருமான மஸ்ரூர் பார்சானிக்கு. ஒரே கட்சி, ஒரே குடும்பம், ஆனாலும் இரண்டு அதிகார மையங்கள்.

என்ஆர்டி சேனலின் கதை வேறு. 2011-இல் தொழிலதிபர் ஷாஸ்வார் அப்துல்வாஹித் தொடங்கியது. இரண்டு பெரிய கட்சிகளையும் கடுமையாக விமர்சிக்கும். இராக்கிலிருந்து பிரிந்து தனி நாடாவதா என்று 2017 செப்டம்பர் 25 அன்று பிராந்தியத்தில் நடந்த சுதந்திர வாக்கெடுப்பில் 92 சதவீதத்துக்கு மேல் 'ஆம்' விழுந்தபோது, "இப்போதைக்கு வேண்டாம்" என்று பிரசாரம் செய்த அணிக்குத் தலைமை தாங்கியவர் இதே ஷாஸ்வார்தான். பிறகு 'புதிய தலைமுறை' என்ற கட்சியையும் ஆரம்பித்தார். ஆளுங்கட்சியை எதிர்ப்பதாலேயே ஒரு சேனல் சுயேச்சையானது ஆகிவிடாது.

எல்லைக்கு அப்பால்: ஏஎன்எஃப் செய்தித் தளம், துருக்கி அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய பிகேகே என்ற குர்து இயக்கத்துக்கு நெருக்கமானது. ஹாவார் நியூஸ், வடகிழக்கு சிரியாவின் குர்து நிர்வாகத்தின் பக்கம். 2009-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய டிஆர்டி குர்தி, குர்து மொழியில் பேசினாலும் துருக்கி அரசின் சேனல்.

இதெல்லாம் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. ஒரு வாரம் முகப்புப் பக்கத்தைக் கவனியுங்கள். யாருடைய சந்திப்பு, யாருடைய திறப்பு விழா தினமும் மேலே வருகிறது என்பதே விடை சொல்லிவிடும்.

படி 2: எந்தச் சொல்லைப் போடுகிறார்கள்?

சண்டையில் ஒருவர் இறந்தால் ஏஎன்எஃப் 'தியாகி' என்று எழுதும். துருக்கியின் அனடோலு செய்தி நிறுவனம் 'பயங்கரவாதி' என்று எழுதும். இது எளிதில் கண்ணில் படும். படாமல் போவது 'செயலிழக்கச் செய்யப்பட்டனர்' என்ற துருக்கி அரசின் வழக்கமான வாசகம். இறந்தவர், பிடிபட்டவர், சரணடைந்தவர் எல்லோரையும் அதில் சேர்த்துவிடுவார்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே 'கொல்லப்பட்டவர்கள்' என்று எடுத்து எழுதினால், செய்தி உங்கள் கையில் பொய்யாகிவிடும்.

படி 3: 'பாதுகாப்பு வட்டாரம்' என்றால் எந்த வட்டாரம்?

குர்திஸ்தான் பிராந்தியத்தில் ஆசாயிஷ் எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரிவும், பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவும், பிராந்தியத்தின் ராணுவமான பெஷ்மெர்கா படையின் பெரும் பகுதியும் கட்சிவாரியாகப் பிரிந்தவை. அதனால் "ஆசாயிஷ் தெரிவித்தது" என்று படித்தால், எர்பில் ஆசாயிஷா சுலைமானியா ஆசாயிஷா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெயரில்லாத செய்தியை உடனே ஒதுக்காதீர்கள்

எழுதியவர் பெயர் இல்லாவிட்டால் நம்பாதே என்பது பொதுவான அறிவுரை. இங்கே அதை அப்படியே பின்பற்றினால் அநியாயம். 2013 டிசம்பரில், ஊழல் பற்றி எழுதிவந்த காவா கர்மியானி என்ற பத்திரிகையாளர் கலார் நகரில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 பிப்ரவரியில் எர்பில் நீதிமன்றம் பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களுமாக ஐந்து பேருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தது. துருக்கியில் 2016-இல் டிஹா என்ற குர்து செய்தி நிறுவனம் அவசரகால ஆணையால் மூடப்பட்டது. இவ்வளவுக்கும் நடுவில் எழுதுகிறவர்கள் பெயரை மறைத்தால், அதற்குப் பயம் காரணமாக இருக்கலாம். பெயர் இல்லாத இடத்தில் ஆவணம், படம், இடம், தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவுமே இல்லை என்றால் அப்போது ஒதுக்கலாம்.

படி 5: ஒரு சம்பவத்தை எடுத்துப் பழகுங்கள்

2023 ஏப்ரல் 7, சுலைமானியா விமான நிலையம் அருகே வெடிப்பு. நான்கு நாள் முன்புதான் துருக்கி, சுலைமானியா விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியிருந்தது. சிரியாவில் குர்துகள் தலைமையில் இயங்கிய சிரிய ஜனநாயகப் படைகளின் தளபதி மஸ்லூம் அப்தியைக் குறிவைத்த தாக்குதல் என்று பேச்சு பரவியது. அவருடைய படையே முதலில் மறுத்தது. மறுநாள் அவர் அங்கே இருந்ததை அதே படை ஒப்புக்கொண்டது. எர்பிலில் உள்ள பிராந்திய அரசு, சுலைமானியா நிர்வாகத்தின் மேல் பழியைப் போட்டது. இராக் அதிபர் மாளிகை துருக்கியைக் குற்றம் சாட்டியது. துருக்கியின் பாதுகாப்புத் துறை, தங்களுக்குத் தொடர்பில்லை என்றது.

இப்போது ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் எல்லாத் தரப்பும் ஏற்பது: வெடிப்பு, இடம், நாள். இரண்டாவதில் ஒரு தரப்பு மட்டும் சொல்வது: யார் பொறுப்பு என்ற குற்றச்சாட்டுகள். மூன்றாவதில் ஒரு தரப்பே தன் பேச்சை மாற்றிக்கொண்டது. இந்த மூன்றாவது பத்திதான் எனக்கு முக்கியம். தனக்குச் சங்கடம் தரும் விஷயத்தை ஒரு தரப்பு தானே ஒப்புக்கொண்டால், அதற்கு அதிக எடை கொடுக்கலாம். அப்தி அங்கே இருந்தார் என்பதை இப்படித்தான் உறுதி செய்துகொள்கிறோம்.

அப்புறம், யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றும் பாருங்கள். எர்பில் சேனல்களில் எர்பில் அரசின் தவறும், சுலைமானியா சேனல்களில் சுலைமானியாவின் தவறும் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன என்று ஒப்பிடுங்கள். முடிந்தால் ஆங்கிலப் பக்கத்தோடு, குர்து மொழியின் இரண்டு முக்கிய வழக்குகளான சொரானி அல்லது குர்மாஞ்சியில் உள்ள பக்கத்தையும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படியுங்கள். வெளிநாட்டு வாசகருக்கும் உள்ளூர் வாசகருக்கும் ஒரே தளம் வேறு வேறு தலைப்பு கொடுத்திருந்தால், அந்த வித்தியாசத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.