துரோகி ஒளிந்திருக்கும் கூட்டு விளையாட்டை நடத்துவது எப்படி

எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆடும்போதே, அவர்களுள் ஒருவர் மட்டும் அந்த அணியை உள்ளிருந்து கெடுக்கக்கூடிய பலகை விளையாட்டுகள் பல உண்டு. புதியவர்கள் இவற்றை முதல் ஆட்டத்தோடு கைவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: துரோகியைப் பற்றியே பேசிவிட்டு, கூட்டாகச் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். நல்ல நகர்வு எது என்று தெரியாதவர்களுக்குக் கெட்ட நகர்வும் கண்ணில் படாது. ஆகவே முதல் இரண்டு சுற்றுகளைத் துரோகி இல்லாமல், சீட்டுகளைத் திறந்து வைத்து ஆடிப் பாருங்கள்; அதன் பிறகு கலைத்துவிட்டு உண்மையான ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

பாத்திரச் சீட்டுகளைப் பங்கிடும்போது, துரோகி கட்டாயம் இருக்கிறாரா என்பதை எல்லோருக்கும் தெளிவுபடுத்திவிட வேண்டும். 2005இல் வெளிவந்த ‘ஷேடோஸ் ஓவர் கேமலாட்’ விளையாட்டில் விசுவாசச் சீட்டுகள் 8. அவற்றில் துரோகிச் சீட்டு ஒன்றே ஒன்று. ஐந்து பேர் ஆடினால் மூன்று சீட்டுகள் யாருக்கும் போகாமல் தங்கிவிடுவதால், துரோகி இருப்பதற்கான வாய்ப்பு எட்டில் ஐந்து மட்டுமே. இல்லாத ஒருவரைத் தேடி அணி தன்னைத்தானே கிழித்துக்கொள்ளக்கூடும் என்பதே, என் கருத்தில், இவ்வகை விளையாட்டின் மிக அழகான பகுதி.

சந்தேகத்தைக் கணக்கோடு வளர்க்கக் கற்றுக்கொடுங்கள். 2008இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் ஒரு நெருக்கடி வரும்போது, ஒவ்வொருவரும் தம் கைச்சீட்டுகளிலிருந்து சிலவற்றைக் கவிழ்த்தபடி நடுவில் வைப்பார்கள், விதிக்கட்டு எனப்படும் தனிக் கட்டிலிருந்தும் இரண்டு சீட்டுகள் சேர்க்கப்பட்டு, எல்லாம் கலைக்கப்பட்டுத் திறக்கப்படும். நெருக்கடிக்கு உரிய நிறங்கள் உதவும். மற்ற நிறங்கள் கெடுக்கும். கெடுக்கும் சீட்டுகள் இரண்டு வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். மூன்று வந்துவிட்டால், அவற்றில் ஒன்றையாவது உங்களோடு அமர்ந்திருக்கும் ஒருவர்தான் வைத்திருக்க வேண்டும். அடுத்து, அந்த நிறச் சீட்டை எடுக்கும் உரிமை எந்தப் பாத்திரங்களுக்கு உண்டு என்று பார்த்தால், ஐவர் மீதிருந்த சந்தேகம் இருவர் மீது வந்து நிற்கும். இந்தக் கணக்கை முதல் நெருக்கடியின்போதே உரக்கச் சொல்லிக் காட்டுங்கள். மேசையில் பேச்சு உடனே மாறிவிடும். வைத்த சீட்டின் மதிப்பைத் துல்லியமாகச் சொல்லக்கூடாது என்ற விதியையும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனெனில் அது தளர்ந்தால் துரோகிக்கு ஒளிய இடமே இருக்காது.

குற்றம் சாட்டுவதற்கும் ஒரு விலை இருக்க வேண்டும். கேமலாட்டில் வெள்ளை வாள்கள் அணியின் வெற்றியையும் கறுப்பு வாள்கள் தோல்வியையும் நெருங்கச் செய்பவை; தவறாகக் குற்றம் சாட்டினால் வட்ட மேசையிலுள்ள ஒரு வெள்ளை வாள் கறுப்பாகிவிடும். அதனால் யாரும் வாய்க்கு வந்தபடி விரல் நீட்டுவதில்லை. “நீ எப்போதும் இப்படித்தான்” என்ற பேச்சை நடத்துபவர் அங்கேயே நிறுத்தி, எந்தச் சுற்றில், எந்த நகர்வால் சந்தேகம் வந்தது என்று கேட்க வேண்டும்.

துரோகிச் சீட்டு கிடைத்தவர், முதல் பாதியில் மற்ற எவரையும்விட நன்றாக உழைப்பதே சிறந்த வழி. சிறுசிறு கெடுதல்களைச் செய்து மாட்டிக்கொள்வதைவிட, அணி தளர்ந்திருக்கும் ஒரு தருணத்துக்காகக் காத்திருப்பது பலன் தரும். கேமலாட்டில் கடைசிவரை அகப்படாத துரோகி, இரண்டு வெள்ளை வாள்களைக் கறுப்பாக்கிவிடுவார். ஒளிந்திருப்பதே அங்கு ஓர் ஆயுதம்.

ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை உடனே பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். துரோகியாக ஆடியவர் எந்தெந்த இடத்தில் என்ன செய்தார் என்பதைப் பலகையைக் காட்டியே சொல்லட்டும். வீணாகச் சந்தேகிக்கப்பட்டவருக்கும் பேச நேரம் கொடுங்கள். அடுத்த ஆட்டத்தில் இதே ஆட்கள் மீண்டும் ஒருவரையொருவர் நம்பி உட்கார வேண்டியிருக்கிறது.