இஸ்லாமும் மேற்கும் மனித உரிமையும்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. ‘மனித உரிமை: இஸ்லாமியப் பார்வையும் மேற்கத்தியப் பார்வையும்’ என்ற தலைப்போடு ஆண்டு தவறாமல் யாராவது வந்து நிற்பார்கள். தலைப்பில் குற்றமில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தைப் புரட்டினாலே, நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பே சேர்ந்து விழுந்த அதே பள்ளங்கள் வரிசையாகத் தென்படும்.

வசன எண்ணை மாற்றிப் போடுவது, ஹதீஸின் தரம் பார்க்காமல் எடுத்தாளுவது, இணையத்தில் கிடைத்த மேற்கோளை அப்படியே ஒட்டுவது, இதையெல்லாம் பற்றிப் பேசப் போவதில்லை. அவற்றை யாராவது சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். சுழிக்க ஆளில்லாமல் தப்பித்து அச்சு வரைக்கும் போய்விடுகிற தவறுகள்தான் இங்கே.

மேற்கை ஒரே ஆளாக நினைப்பது

‘இஸ்லாம் ஒன்றல்ல, பல மத்ஹப்கள் (சட்ட மரபுகள்), பல நாடுகள்’ என்று எழுத எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மேற்கும் அப்படித்தான் என்பது மட்டும் மறந்துபோகிறது. பல்கலைக்கழகத்தில் தலைமுக்காடு அணியக் கூடாது என்ற தடை செல்லும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. தடை போட்டிருந்தது துருக்கி, அதாவது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. முக்காட்டைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பக்கம் 2015-இல் நின்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். நபிகளைப் பற்றி இழிவாகப் பேசியதற்காக ஆஸ்திரியாவில் ஒரு பெண்ணுக்கு விதித்த அபராதத்தை 2018-இல் சரியென்றது, மறுபடியும் ஐரோப்பிய நீதிமன்றம்தான். ‘சுதந்திரம் என்றால் மேற்கு, கட்டுப்பாடு என்றால் இஸ்லாம்’ என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருப்பவர் இந்த மூன்று தீர்ப்புகளையும் எந்தக் கட்டத்தில் வைப்பார்?

மரண தண்டனையையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பா கிட்டத்தட்ட முழுவதும் அதைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்கா 1992-இல் ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றபோது, 18 வயது நிரம்பும் முன் செய்த குற்றத்துக்கும் மரண தண்டனை விதிக்கும் உரிமையைத் தனக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் ஏற்றது. ‘ஷரீஅத்துக்கு உட்பட்டு’ என்று முஸ்லிம் நாடுகள் போடும் நிபந்தனையைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

சவூதியைக் காட்டி ‘இஸ்லாம்’ என்பது

வேண்டாம். ஈரானைக் காட்டியும் வேண்டாம்.

‘1948-இல் முஸ்லிம் நாடுகள் ஏற்கவில்லை’

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ‘உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியது மேற்கு, முஸ்லிம் நாடுகள் அதை ஏற்கவில்லை’ என்ற வாக்கியம் மேடையிலும் இருக்கும், ஆய்வேட்டிலும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், எதிரெதிர் முகாமைச் சேர்ந்த இருவருமே இதைச் சொல்வார்கள். ஒரு விவாத அரங்கில் நேரிலேயே பார்த்தேன். முதலில் பேசியவர், ‘நம்மைக் கேட்காமல் எழுதியதை நம் தலையில் கட்டுகிறார்கள்’ என்றார். அடுத்து வந்தவர், ‘பாருங்கள், அன்றைக்கே மறுத்தவர்கள் இவர்கள்’ என்றார். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இருவரும் ஒரு தப்பான தகவலில் மட்டும் கைகோத்துக்கொண்டார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, ‘எந்தெந்த நாடுகள் மறுத்தன?’ என்று கேட்டேன். சவூதி அரேபியா என்று பதில் வந்தது. அப்புறம் என்றேன். இரண்டாவது பெயர் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

வராது, ஏனென்றால் இரண்டாவது பெயர் கிடையாது. 1948 டிசம்பர் 10, பாரிஸ். அன்று ஐ.நா.வில் இருந்தவை 58 நாடுகள். 48 ஆதரித்தன, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 8 நடுநிலை, 2 நாடுகள் வாக்கெடுப்பில் இல்லை. அந்த எட்டில் சோவியத் யூனியன், உக்ரைன், பெலாரஸ், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா என ஆறு கம்யூனிஸ்ட் நாடுகள். ஏழாவது, நிறவெறிக் கொள்கையைக் கையிலெடுத்திருந்த தென்னாப்பிரிக்கா. எட்டாவதுதான் சவூதி. வாக்கெடுப்பில் இல்லாத இரண்டில் ஒன்று யேமன். ஆதரித்த 48-இல் ஆப்கானிஸ்தான், எகிப்து, ஈரான், ஈராக், சிரியா, துருக்கி, பாகிஸ்தான் எல்லாம் இருக்கின்றன.

எண்ணிக்கையைத் திருத்திவிட்டு நிறுத்திக்கொண்டால் பாதிக் கிணறுதான். சுவையான பகுதி விவாதக் குறிப்புகளில் இருக்கிறது. 18-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைச் சொல்லும்போது, மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. சவூதி பிரதிநிதி ஜமீல் பரூதி அதை எதிர்த்தார். திருமணத்தில் சம உரிமை பேசும் 16-ஆம் பிரிவும் அவருக்கு உவப்பாக இல்லை. எகிப்துப் பிரதிநிதி இந்த இரண்டையும் பற்றித் தன் மனக்குறையைப் பதிவு செய்துவிட்டு, ஆதரித்து வாக்களித்தார். பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் எழுந்து நேர்மாறாகப் பேசினார். இஸ்லாம் பிறரைத் தன் பக்கம் அழைக்கும் மார்க்கம், அந்த உரிமையைத் தனக்குக் கேட்கும்போது மற்றவர்களுக்கும் அதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். ‘விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்’ என்ற குர்ஆன் வசனத்தை அவர் சான்றாக எடுத்தார். ஒரே அவையில், ஒரே பிரிவைப் பற்றி, முஸ்லிம் நாடுகள் மூன்று விதமாகப் பேசியிருக்கின்றன. இதை ‘ஏற்கவில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் அடைத்தால் ஒப்பிடுவதற்கு என்ன மிஞ்சும்?

‘மேற்கு எழுதியது’ என்ற முதல் பாதியும் இதேபோல் ஆட்டம் காணும். வரைவுக் குழுவில் லெபனானின் சார்ல்ஸ் மாலிக், சீனாவின் பி.சி. சாங் இருவரும் மையமான ஆட்கள். முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்ததை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. பின்னால் வந்த ஐ.நா.வின் இரண்டு உரிமை உடன்படிக்கைகளிலும் ஆண் பெண் சமத்துவத்துக்கென்று 3-ஆம் பிரிவு இடம்பெற முன்நின்றவர் ஈராக்கின் பெதியா அஃப்னான்.

ஒரு மாணவர் இந்த ‘மறுப்பை’ அடித்தளமாக வைத்து மூன்று அத்தியாயங்கள் எழுதிவிட்டார். நாகரிகங்களுக்கு இடையிலான பிளவு, அதன் வேர், அதன் விளைவு. வாய்மொழித் தேர்வில் ஒருவர் வாக்குப் பட்டியலை மேசை மேல் வைத்தார், அவ்வளவுதான். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, உழைப்பும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் சரிபார்த்திருக்கக்கூடிய ஒரு தகவலுக்காக மூன்று அத்தியாயங்களையும் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

திருத்திக்கொண்டவர்கள் அடுத்து மறுகோடிக்கு ஓடுவார்கள். ‘ஜஃபருல்லா கானே சொல்லிவிட்டார், இதுதான் இஸ்லாத்தின் நிலைப்பாடு’ என்பார்கள். அதுவும் சரியல்ல. சவூதிக்காகப் பேசிய பரூதி, லெபனானில் பிறந்த கிறிஸ்தவர். குர்ஆனை எடுத்துப் பேசிய ஜஃபருல்லா கான் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-இல் அவர் நாட்டு அரசியலமைப்பே அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்றது. ஐ.நா. அவையில் பேசுவது அரசுகள். அவற்றின் பேச்சை ஃபத்வாவாக, அதாவது மார்க்கத் தீர்ப்பாக, படிக்கக் கூடாது.

‘நம்மைக் கேட்கவில்லை’ என்ற மனக்குறையில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, சூடான், மலாயா எல்லாம் அன்று அந்நிய ஆட்சியின் கீழ் இருந்தன. இந்தோனேசியா 1950-இல்தான் ஐ.நா.வில் சேர்ந்தது. குடியேற்ற நாடுகளை வைத்திருந்த பிரிட்டனும் பிரான்சும் உரிமைப் பிரகடனத்துக்குக் கை தூக்கிய முரணை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அது ஆதாரமுள்ள விமர்சனம்.

கெய்ரோ பிரகடனத்தை 23-ஆம் பிரிவோடு மூடி வைப்பது

1990 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, இன்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு எனப்படும் அமைப்பின் உறுப்பு நாடுகள் கெய்ரோவில் ஏற்றது 25 பிரிவுகள் கொண்ட பிரகடனம். உயிர், கல்வி, சொத்து என்று முன்பகுதி முழுவதும் அழகாகப் போகும். மாணவர்கள் அங்கேயே மயங்கி, ஐ.நா. பிரகடனத்தோடு பக்கத்தில் பக்கம் வைத்து ஒற்றுமைகளை அடுக்குவார்கள். 24-ஆம் பிரிவு, இதிலுள்ள எல்லா உரிமைகளும் ஷரீஅத்துக்கு உட்பட்டவை என்கிறது. 25, விளக்கம் தேடவும் ஷரீஅத் ஒன்றே ஆதாரம் என்கிறது. எந்த மத்ஹபின்படி, யார் விளக்கப்படி என்று எங்கும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பப்போவது அந்தந்த நாட்டு அரசுதான். இந்த ஆவணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அது.

6-ஆம் பிரிவையும் நிதானமாகப் படியுங்கள். பெண் ஆணுக்குச் சமம் என்று அது சொல்வது மனித கண்ணியத்தில். உரிமைகளைப் பற்றிப் பேசும்போது, அவளுக்கென்று உரிமைகள் உண்டு, கடமைகளும் உண்டு என்கிறது. அங்கே ‘சம’ இல்லை. இது சும்மா விடுபட்டதல்ல.

இன்னொன்று. 2020-இல் அதே அமைப்பு திருத்திய பிரகடனம் ஒன்றை ஏற்றது. ஷரீஅத் பற்றிய பேச்சு அதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1990-ஐ மட்டும் வைத்து ‘இன்றைய நிலைப்பாடு’ என்று எழுதுபவர்கள் இன்னமும் வருகிறார்கள்.

ஒரு பக்கம் வசனம், மறு பக்கம் காவல் நிலையம்

ஒரு பக்கத்தின் வசனத்தோடு மறு பக்கத்தின் தத்துவத்தை வையுங்கள், ஒரு பக்கத்தின் சிறையோடு மறு பக்கத்தின் சிறையை வையுங்கள்.

‘1400 ஆண்டுகளுக்கு முன்பே’

மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமை இங்கிலாந்தில் 1882-இல்தான் சட்டமானது. குர்ஆன் பெண்ணுக்குச் சொத்துரிமையும் வாரிசுரிமையும் கொடுத்தது ஏழாம் நூற்றாண்டில். உண்மை, எழுதலாம். ஆனால் அதே குர்ஆனில், நான்காம் அத்தியாயத்தின் 11-ஆம் வசனத்தில் மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு பங்கு என்று வருவதை விட்டுவிட்டு எழுதினால் படிப்பவர் உங்களை நம்பமாட்டார். அடிமை முறையும் அப்படித்தான். பிரான்சுக்கு இரண்டு ஆண்டு முந்தி, 1846-இல், துனிசியா அதை ஒழித்தது. சவூதி ஒழித்தது 1962-இல். இரண்டும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

மகாஸிதை உரிமைப் பட்டியலாக்குவது

ஷரீஅத்தின் நோக்கங்களாக (இவைதான் மகாஸித்) இடைக்கால அறிஞர் இமாம் கஸ்ஸாலி மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் என்று ஐந்தைச் சொன்னார். இதை அப்படியே எடுத்து, எதிரே மதச் சுதந்திரம், உயிர்வாழும் உரிமை, கல்வி உரிமை என்று அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். உரிமை என்பது தனிமனிதர் அரசைப் பார்த்து ‘இதைத் தொடாதே’ என்று கேட்பது. கஸ்ஸாலியின் ஐந்தும் சட்டம் எதைக் காக்க வந்தது என்பதற்கான விளக்கம். மார்க்கத்தைக் காப்பதற்கு அவர் காட்டும் உதாரணமே, மற்றவர்களை வழிகெடுப்பவருக்கான தண்டனைதான். அதை ‘மதச் சுதந்திரம்’ என்று மாற்றி எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இன்றைய அறிஞர்கள் சிலர் மகாஸிதிலிருந்து உரிமைகளை வருவிக்க முயல்கிறார்கள். அது புதிய வாதம் என்று சொல்லியே பயன்படுத்துங்கள்.

மதம் மாறியவர் விவகாரத்தை அடிக்குறிப்பில் ஒளிப்பது

தேர்வாளர் முதலில் தேடுவது இதைத்தான். ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை’ என்ற வசனத்தை மட்டும் போட்டு நழுவ முடியாது. பழைய ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) நூல்களில் பெரும்பான்மை முடிவு மரண தண்டனை. ஹனஃபி மத்ஹபில் பெண்ணுக்கு அது இல்லை, சிறை. இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் அல்-அஸ்ஹர் என்ற மார்க்கக் கல்வி நிலையத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், வெறும் நம்பிக்கை மறுப்புக்காக உயிரைப் பறிக்க முடியாது என்று வாதிட்டார்.

ஒரு முஸ்லிம் நாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க சூடான் ஒன்று போதும். இஸ்லாத்துக்குள் நின்று சம உரிமை பேசிய மஹ்மூத் முஹம்மத் தாஹா, மதம் மாறியவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டு 1985 ஜனவரியில் கார்ட்டூமில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு, ஆட்சி மாறிய பின், அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அந்த விசாரணை செல்லாது என்றது. 1991-இல் மதமாற்றம் குற்றமாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியது. 2020-இல் நீக்கப்பட்டது. ஒரே நாட்டில் இத்தனை திருப்பம். ‘இஸ்லாமியப் பார்வை’ என்று தொடங்கும் உங்கள் வாக்கியத்தில், எந்த ஆண்டு, யாருடைய பார்வை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.