பந்துக்கு முன்னால் ஐஸ் தொட்டி: வெயில் காலக் காற்பந்துப் பயிற்சி, புதியவர்களுக்கு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் ஒரு கல்லூரிக் காற்பந்துக் குழுவுக்கு நான் மேனேஜர். பெயர்தான் மேனேஜர். பந்து மூட்டை தூக்குவது, ஜெர்சி துவைக்கப் போடுவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் நானே. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், நாலு மணிப் பயிற்சியின் கடைசிக் கால்மணி நேரத்தில், எங்கள் தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவன் கோல்கீப்பரிடம் காரணமே இல்லாமல் சண்டைக்குப் போனான். பரம சாதுவான பையன். திட்டிவிட்டு, பந்து இருந்த பக்கம் போகாமல் வேலிப் பக்கம் நடந்தான். "கோபத்தில் இருக்கான், விடுங்க" என்றோம். அங்கே கால் மடங்கி உட்கார்ந்தபோதுதான் ஓடினோம். பெயரைக் கேட்டால் அவன் அண்ணன் பெயரைச் சொல்கிறான். உடம்பு கொதிக்கிறது, வியர்வையோ ஊற்றுகிறது. குழாயடியில் கிடத்தி, திடலோரத்தில் பானம் விற்கும் அக்காவின் ஐஸ் பெட்டியை அப்படியே அவன்மேல் கவிழ்த்தோம். அது ஹீட் ஸ்ட்ரோக்: உடம்பின் உள்சூடு எல்லை மீறி ஏறி, புத்தி தடுமாறும் நிலை. பிழைத்துக்கொண்டான். எங்கள் திறமையால் அல்ல. குழாய் பக்கத்தில் இருந்தது, அக்கா அன்று கடை போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் படித்தும், கேட்டும், செய்து பார்த்தும் சேர்த்த முறை இது. நான் மருத்துவன் இல்லை. ஆனால் திடலில் முதல் பத்து நிமிடம் மருத்துவர் இருக்க மாட்டார். நாம்தான் இருப்போம்.

படி 1: முதலில் தொட்டி

எல்லோரும் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பிப்பார்கள். நான் தொட்டியில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஹீட் ஸ்ட்ரோக் வந்துவிட்டால் குடிக்கிற தண்ணீர் காப்பாற்றாது, முக்குகிற தண்ணீர்தான் காப்பாற்றும்.

உட்கார்ந்தால் கழுத்துவரை இறங்குகிற பாத்திரம் எதுவும் போதும். சின்னப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி நல்லது, விலையும் குறைவு. நாங்கள் வைத்திருப்பது மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் பெரிய தோங், அதாவது பீப்பாய் மாதிரித் தொட்டி. தஞ்சோங் டாவாய் பக்கம் மீன் எடுக்கப் போகிற ஒருவர் பழையது ஒன்று கொடுத்தார். வாசம் போக ஒரு வாரம் தேய்த்தோம். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு கெட்டியான தார்ப்பாய் போதும். ஆறு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி, ஐஸ் தண்ணீரை ஊற்றி, இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பயிற்சி தொடங்கும் முன்பே தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு மூட்டை ஐஸைப் பக்கத்திலேயே ஐஸ் பெட்டியில் மூடி வையுங்கள். தேவைப்பட்டால்தான் கொட்ட வேண்டும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நல்லது. ஐஸ் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தால் தெர்மாமீட்டர் தேடவே வேண்டாம்.

"ஒருநாளும் தேவைப்படாத தொட்டிக்கு எதுக்கண்ணே இவ்வளவு செலவு?" என்று பையன்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்ற ஊரில் ஆண்டுதோறும் கோடையில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. அங்கே 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரை அந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீரில் இறக்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. அதே நாட்டில், 2018 மே மாதம், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து (ஹெல்மெட், கவசம் போட்டு ஆடுவது) அணியில் 19 வயது மாணவர் ஒருவர் ஓட்டப் பயிற்சியில் தளர்ந்தார். அவரை ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து இறந்துபோனார். பல்கலைக்கழகமே பின்னர் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு பணமும் ஆள்பலமும் உள்ள இடம் அது. எங்கள் மீன் தோங்கைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும்.

படி 2: பெயர்ப் பட்டியல்

ஒரு தாள் எடுத்து ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். முன்பு வெயிலில் மயங்கியதுண்டா? ஆஸ்துமா, தலசீமியா, இதயக் கோளாறு ஏதாவது உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? சளி மாத்திரையில் சிலவகை வியர்வையைக் குறைக்கும், அது வெயிலில் ஆபத்து. ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கிற காஃபின் பவுடரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய இரவு பீர், காற்றாடி மட்டும் ஓடும் ஹாஸ்டல் அறையில் தூங்காத இரவு: இதில் ஒன்று இருந்தாலும் அன்று ஓரத்தில் உட்கார வேண்டும். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், அடுத்த ஆட்டத்தில் இடம் போய்விடுமோ என்ற பயம். அதனால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கோச் முன்னால் கேட்டால் எல்லோருமே பயில்வான்தான்.

நோன்பு மாதம் இப்போதெல்லாம் பிப்ரவரி, மார்ச் வெயிலோடு சேர்ந்து வருகிறது. குழுவில் மலாய்ப் பையன்கள் இருந்தால் அந்த மாதம் முழுப் பயிற்சியையும் நோன்பு திறந்த பிறகு இரவில் வைத்துவிடுங்கள். அவர்களுக்கு மட்டும் சலுகை என்று பேச்சு வராது. இரவுக் காற்று எல்லோருக்கும்தானே.

படி 3: நேரம்

என் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போவார். விடிகாலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் மரமே பாலை நிறுத்திவிடும். நண்பகலுக்குள் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுத் திண்ணையில் இருப்பார். தோட்டத்துக்கே தெரிந்த இந்தக் கணக்கு கல்லூரிக் கால அட்டவணைக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிகிற நேரம் பார்த்து நாலு மணிக்குப் பயிற்சி போடுகிறார்கள். தரையும் காற்றும் அன்றைய வெப்பம் முழுவதையும் வாங்கி வைத்திருக்கும் நேரம் அது.

நாங்கள் ஐந்தே முக்காலுக்கு மாற்றினோம். ஏழு, ஏழேகாலுக்குள் முடித்துவிடலாம், அதுவரை வெளிச்சம் இருக்கும். சனிக்கிழமை என்றால் காலை ஏழரை. காலையில் ஈரப்பதம் அதிகம்தான், ஆனால் தலைமேல் சூரியன் இல்லாதது பெரிய வித்தியாசம். ஒரு எச்சரிக்கை: சாயங்கால மழை விட்ட உடனே "குளுகுளு என்று இருக்கு" என்று இரட்டிப்பாக ஓடவிடாதீர்கள். மேகம் விலகி வெயில் வந்தால் ஈரமான திடல் ஆவி பறக்கும் இட்லிப் பானை. இடி கேட்டால் திடலைக் காலி செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படி 4: முதல் இரண்டு வாரம்

விடுமுறை முடிந்து வருகிற முதல் வாரம்தான் மோசமானது. உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும், இதயத் துடிப்பும் அடங்கும். பழகாத உடம்பில் இது ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி அமெரிக்கக் காற்பந்தில் 2003 முதல் இதற்கு விதியே உண்டு. அன்று வந்த விதிப்படி முதல் ஐந்து நாள் படிப்படி, முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், முழுக் கவசம் ஐந்தாம் நாள்தான்.

நமக்குக் கவசம் கிடையாது. நம் கவசம் கோச்சின் விசில். முதல் மூன்று நாள் 45 நிமிடம், பந்தோடு மட்டும். தண்டனை ஓட்டம் கூடவே கூடாது. நாலாம் நாள் முதல் பத்துப் பத்து நிமிடம் கூட்டுங்கள். திடலைச் சுற்றி வேக ஓட்டம் இரண்டாம் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். தாமதமாகச் சேருகிறவனுக்கும் முதல் நாளிலிருந்துதான் கணக்கு, குழுவின் கணக்கு அவனுக்குப் பொருந்தாது. பருமனான பையன்களையும் கோல்கீப்பரையும் கூடுதலாகக் கவனியுங்கள்.

படி 5: வெப்பத்தை அளப்பது

கைப்பேசியில் 33 டிகிரி என்று காட்டுவது நிழலில் உள்ள காற்றின் சூடு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்து வீணாகும். அதனால் விளையாட்டுக்காரர்கள் பார்ப்பது டபிள்யூ.பி.ஜி.டி என்ற அளவு. 1950களில் அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் பயிற்சியில் சுருண்டு விழுந்ததைத் தடுக்க உருவானது. கணக்கு எளிது: ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவில் 0.7 பங்கு, வெயிலில் வைத்த கருப்புக் கோளத்தின் அளவில் 0.2 பங்கு, சாதாரண வெப்பமானியின் அளவில் 0.1 பங்கு.

ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணியில் 27, கோளத்தில் 45, காற்றில் 33. அப்போது 18.9 + 9 + 3.3 = 31.2. ஈரத்துக்கு எவ்வளவு பங்கு போகிறது பாருங்கள். கையில் பிடிக்கிற கருவி ஒன்று இருந்தால் கணக்கை அதுவே போட்டுவிடும். கல்லூரி விளையாட்டுப் பிரிவில் கேட்டு வாங்குங்கள், நாங்கள் இரண்டு பந்து வாங்குவதைத் தள்ளிப்போட்டு வாங்கினோம்.

2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில் இந்த அளவு 32ஐத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவே தண்ணீர் இடைவேளை என்று ஃபிஃபா வைத்திருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பள்ளிகள் 33 சொச்சத்தைத் தாண்டினால் வெளியே பயிற்சியே இல்லை என்கின்றன. உலகக் கிண்ண ஆட்டக்காரன் உடம்பு வேறு, நம் பையன் உடம்பு வேறு. என் கணக்கு இது: 30ஐத் தாண்டினால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் ஐந்து நிமிடம், 32ஐத் தொட்டால் பந்தை மூட்டையில் கட்டு. கருவி இல்லாதவர்கள் மெட்மலேசியாவின் (மலேசிய வானிலைத் துறை) வெப்ப அறிவிப்பைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டாலே முதல் நிலை எச்சரிக்கை வரும். பெர்லிஸ் மாநிலம் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது. கெடாவுக்கு அது பக்கத்து வீடு.

படி 6: தண்ணீர்

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கிறது. 60 கிலோ பையனுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அதிகம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான், அதுவும் ஆபத்துதான். காலையில் சிறுநீர் எலுமிச்சை ஜூஸ் நிறத்தில் இருந்தால் சரி, தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் இருந்தால் முந்தைய நாளே தண்ணீர் போதவில்லை. கோக் நிறத்தில் போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 100 பிளஸ் மாதிரி உப்புச் சத்துள்ள பானம் உதவும். குறைந்த நேரத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

படி 7: ஒருவன் தடுமாறினால்

சாதாரண வெயில் சோர்வில் தலை சுற்றும், குமட்டும், ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும். நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஈரத்துணி போட்டுத் தண்ணீர் கொடுத்தால் தேறுவான். பேச்சோ நடத்தையோ மாறினால் கதை வேறு. உளறுதல், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், விழுதல். உள்ளுடம்புச் சூடு 40ஐத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் சொல்வார்கள். ஓடி விளையாடுகிறவனுக்கு வருவது அப்படியில்லை, வியர்த்துக்கொண்டேதான் விழுவான். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், மேல்தோல் பொய் சொல்லும். "எந்தத் தோட்டம்? ஸ்கோர் என்ன?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் தொட்டி.

ஒருவர் 999க்கு அழைக்க, மற்றவர்கள் ஐஸைக் கொட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். காலணியைக் கழற்றி, கழுத்துவரை இறக்குங்கள். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்கடியில் துண்டு கொடுத்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்க, இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும். கலக்காவிட்டால் உடம்பைச் சுற்றி வெதுவெதுப்பு தங்கிவிடும். தலையில் ஐஸ் துணி. ஐஸ் தண்ணீரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி இறங்கும். 41.5இல் இருப்பவன் 39க்கு வர 12, 13 நிமிடம் ஆகும். விழுந்த அரை மணிக்குள் சூட்டை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் பறப்பார்கள். போகிற வழியெல்லாம் அவன் உள்ளே வெந்துகொண்டிருப்பான். முதலில் குளிர வை, பிறகு ஏற்று. ஆம்புலன்ஸ் வந்தாலும் "இன்னும் ஐந்து நிமிடம் தண்ணீரில் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். பனடால் கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது, கல்லீரலுக்கும் கேடு. சுயநினைவு தெளியாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தெளிந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டிருக்கிறதா என்று ரத்தத்தில்தான் தெரியும். வீடு வந்த பிறகு குறைந்தது ஒரு வாரம் ஓட்டம் இல்லை, மருத்துவர் சரி என்ற பிறகும் படி 4இலிருந்து மெதுவாக.

எஸ்டேட் திடல் என்றால் இன்னொரு வேலை. செம்பனைக் காட்டுக்குள் ஆம்புலன்ஸுக்கு வழி தெரியாது. "பழைய மாரியம்மன் கோயில் பக்கத்துத் திடல்" என்றால் பத்துக் கோயில் இருக்கும். இருக்கும் இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் முன்கூட்டியே சேமித்து எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். மோட்டாரில் ஒருவனைச் சாலை முனைக்கு அனுப்புங்கள். வாயில் கேட்டின் சாவி யாரிடம் என்று அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் சாவி ஒருமுறை ஜாகாவின் (காவலாளியின்) சட்டைப் பையோடு சித்தியவானுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

பயிற்சி முடிந்ததும் மிச்ச ஐஸ் சிராப் ஜாடிக்குப் போகும், அதில் சண்டை வரும், அது உங்கள் பாடு. தொட்டித் தண்ணீரை மட்டும் அன்றே கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு மீன் தோங்கைவிட நல்ல வீடு கிடையாது, சுகாதாரத் துறை வந்தால் அபராதத்தைக் கோச் கட்ட மாட்டார்.