பெற்றோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்ற இங்கிலாந்தில் கவுன்சில் மானியம்: முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

மாடிப்படி ஏற முடியவில்லை, குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்றானதும் பல வீடுகளில் முதலில் கூப்பிடுவது தெரிந்த பில்டரைத்தான். அந்த ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ‘டிசேபிள்டு ஃபெசிலிட்டீஸ் கிராண்ட்’ என்ற பெயரில் கவுன்சில் தரும் மானியம் இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை போகும். ஆனால் ஒப்புதல் வருமுன் வேலையை ஆரம்பித்துவிட்டால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

வேல்ஸில் உச்சவரம்பு 36,000 பவுண்டு, ஸ்காட்லாந்தில் ஏற்பாடே வேறு. கீழே உள்ளது இங்கிலாந்துக்கு மட்டும்.

படி 1: வீட்டைப் பார்க்க ஆள் கேளுங்கள்

கவுன்சிலின் சோஷியல் கேர் பிரிவை அழைத்து, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை ஒருவர் எப்படிச் செய்ய முடிகிறது என்று பார்த்து, என்ன மாற்றம் தேவை என்று சொல்லும் நிபுணர்) வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கவுன்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு கவுன்சில்கள் உள்ள ஊரில் பார்க்க வருபவர் கவுன்டி ஆள், மானியம் தருவது டிஸ்ட்ரிக்ட். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அமைப்பே அப்படித்தான்.

கைப்பிடிக் கம்பி மாதிரி 1,000 பவுண்டுக்குள் முடிகிற சின்ன வேலை என்றால் மானியம் வரை போகவே வேண்டாம். தேவை என்று அவர்கள் முடிவு செய்தால், வருமானம் பார்க்காமல் இலவசமாகவே செய்து தருவார்கள்.

படி 2: தெரபிஸ்ட் வரும் நாள்

எல்லாமே இந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம்: வந்தவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, "ஒன்றும் பிரச்சினை இல்லை, சமாளித்துக்கொள்கிறேன்" என்பார்கள். அந்த ஒரு வரி குறிப்பில் ஏறினால் விண்ணப்பம் பாதி படுத்துவிடும். மாற்றம் "தேவையானதும் பொருத்தமானதுமா" என்பதுதான் சட்டம் கேட்கிற கேள்வி.

ஆகவே நல்ல நாளைச் சொல்லாமல் மோசமான நாளைச் சொல்லுங்கள். இரவில் கழிப்பறைக்கு எத்தனை முறை போகிறார், எங்கே விழுந்தார், குளிக்க யார் துணை, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார். அம்மா மகன் முன்னால் குளியல் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால் மகள் கூட இருக்கட்டும். ஆங்கிலம் தடை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கதவை அகலமாக்குவது, சாய்தளம், ஸ்டேர்லிஃப்ட், கீழ்த்தளத்தில் குளியலறை, அவருக்கு ஏற்ற ஹீட்டிங் எல்லாம் இந்த மானியத்தில் வரும். சமையலறையை அழகாக்குவது வராது.

படி 3: பணக் கணக்கு

"என் சம்பளத்தைப் பார்த்தால் தரமாட்டார்கள்" என்று பல பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வீடு மகன் பெயரில் இருந்தாலும் கணக்குப் பார்ப்பது உடல் இயலாதவர், அவருடைய துணைவர் இருவரின் வருமானத்தை மட்டும்தான். சேமிப்பில் 6,000 பவுண்டுக்கு மேல் உள்ளதைச் சேர்ப்பார்கள். உடல் இயலாதவர் பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகை) கேரண்டி கிரெடிட் என்ற பகுதியைப் பெறுகிறவர் என்றால் கைக்காசு போட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கான மாற்றம் என்றால் பெற்றோர் வருமானத்தையும் பார்ப்பதில்லை.

படி 4: விண்ணப்பம்

படிவத்தோடு பொதுவாக இரண்டு பில்டர்களின் கொட்டேஷன் கேட்பார்கள். வாடகை வீட்டுக்கும் மானியம் உண்டு, வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். 5 ஆண்டுகள் அங்கேயே வசிக்கும் எண்ணம் இருப்பதாகவும் எழுதித் தர வேண்டும்.

முழு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்லியாக வேண்டும். எனவே சேர்ந்த தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலிடம் புகார் செய்தும் சரிவரவில்லை என்றால், அப்புறம் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்.

படி 5: வேலை

ஒப்புதல் வந்ததும் இப்போது பில்டரைக் கூப்பிடுங்கள். 12 மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும். வேலை சரியாக நடந்திருக்கிறது என்று கவுன்சில் திருப்தியடைந்த பிறகே பணம் வரும். அதற்கு முன்னால் பில்டருக்கு நீங்களாக முழுத்தொகையையும் நீட்டிவிடாதீர்கள்.

சொந்த வீட்டுக்காரர்கள் கவனிக்க: மானியம் 5,000 பவுண்டைத் தாண்டினால், 10 ஆண்டுகளுக்குள் வீட்டை விற்கும்போது 10,000 பவுண்டு வரை கவுன்சில் திருப்பிக் கேட்க முடியும். ஒப்புதல் கடிதத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.